புற்றுக் காளான்: பறித்தலும் விற்றலும்

(கமக்காரர் வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



நெல்லையும் மரக்கறியையும் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுவது வழக்கம். அவை உழுது, விதைத்து, நீர் பாய்ச்சிப் பெறும் பயிர்கள். இன்று, உழாமலும் விதையாமலும் கிடைக்கும் ஒரு விளைவைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். மழை தொடங்கியதும் கறையான் புற்றடியிலும், வேலியோரத்திலும், பற்றைக் காட்டின் விளிம்பிலும் முளைக்கும் காளானே அது.

வன்னியிலும் கீழ்மாகாணத்திலும் பெரும்போக விதைப்பு நடைபெறும் காலத்திலேயே இக்காளானும் பூக்கின்றது. விதைநெல்லுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் கையிலிருந்த காசைச் செலவிட்டு, அறுவடையை எதிர்பார்த்து மாதக்கணக்கிற் காத்திருக்கும் காலம் அது. அவ்வேளையில் ஒரு கடகம் காளான் சந்தையிற் பெற்றுத்தரும் பணம் ஒரு குடும்பத்துக்குச் சிறிதன்று. ஆனால், இவ்விளைவில் இரண்டு கேடுகள் மறைந்து கிடக்கின்றன. நஞ்சுக் காளானை நல்ல காளானென்று எண்ணி விற்பதால் உயிருக்கு வருவது ஒன்று. ஆசை மிகுதியாற் புற்றை வெட்டிக் கிளறுவதால் வருங்கால விளைவுக்கு வருவது மற்றொன்று. இவ்விரண்டையும் விலக்கிப் பயன்பெறும் வழியே இப்பேச்சின் பொருளாகும்.

புற்றுக்குள் நடப்பது என்ன?

இடி இடித்தாற் காளான் முளைக்கும் என்று நம் முன்னோர் சொல்வர். இடியோடு வரும் மழையும், அம்மழையால் நிலத்தில் ஊறும் ஈரமுமே காளானை வெளியே கொண்டுவருகின்றன. ஆயினும் அதன் மூலம் நிலத்துக்குக் கீழே, புற்றின் அறைகளில் ஆண்டு முழுவதும் இருந்துகொண்டே இருக்கின்றது.

புற்றுக் கட்டும் கறையான்களுட் சில, உலர்ந்த சருகையும் உக்கிய மரத்தையும் தின்று, அவற்றைத் தம் அறைகளில் தேன்வதை போன்ற கட்டிகளாக அடுக்குகின்றன. அக்கட்டிகளின்மீது ஒருவகைப் பங்கசு வளருகின்றது. மரத்திலுள்ள கடினமான பொருள்களைக் கறையானாற் தனியே செரிக்க இயலாது. பங்கசு அவற்றை மென்மையாக்கிக் கொடுக்க, கறையான் அதனை உண்டு வாழ்கின்றது. பங்கசுக்கோ வேண்டிய உணவையும் ஈரத்தையும் காவலையும் கறையான் அளிக்கின்றது. ஒன்றில்லாமல் மற்றொன்று வாழாது. தக்க பருவத்தில் அப்பங்கசு நிலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே அனுப்பும் பூவையே நாம் புற்றுக் காளான் என்கின்றோம். பேராதனையிற் பணியாற்றிய பங்கசு அறிஞர் தொம் பெச் என்பவர், இலங்கையின் கறையான் புற்றுக்களில் வளரும் பங்கசுக்களைப் பற்றி 1906 ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து எழுதியுள்ளார்.

இதிலிருந்து நாம் அறியவேண்டியவை இரண்டு. முதலாவது, புற்றுக் காளானை விற்பனைக்காக வளர்த்தெடுக்கும் முறை எதுவும் இன்றுவரை கைகூடவில்லை. ஆகையால் அதற்குரிய தோட்டம் புற்று ஒன்றே. இரண்டாவது, புதிதாகக் குடியேறும் கறையான்களுட் பெரும்பாலானவை தமக்கு வேண்டிய பங்கசைத் தாய்ப்புற்றிலிருந்து கொண்டுவருவதில்லை. நிலத்தின்மேல் விரிந்து முதிர்ந்த காளானிலிருந்து உதிரும் வித்தி என்னும் நுண்ணிய தூளையே அவை பொறுக்கிக்கொள்கின்றன. காளான் ஒன்றையேனும் முதிரவிடாமல் ஆண்டுதோறும் வழித்துப் பறித்தால், புதுப் புற்றுக்குப் போய்ச்சேரவேண்டிய விதையை நாமே உண்டு முடித்தவர்களாவோம். விதைநெல்லைக் குற்றிச் சோறாக்கும் கமக்காரன் யாரும் இல்லை. காளானுக்கும் அதே நியாயந்தான்.

பறிக்கும் முறை

சிலர் காளானைக் கண்டதும் மண்வெட்டியையோ அலவாங்கையோ எடுத்து அடிவரை தோண்டுகின்றனர். நீண்ட தண்டு முழுவதும் கிடைத்தால் நிறை கூடும் என்பது அவர்கள் எண்ணம். இக்காளானின் தண்டு வேர்போல நிலத்துள் நெடுந்தூரம் இறங்கி, கறையானின் பங்கசுக் கட்டிவரை செல்லும். அதனைத் தொடர்ந்து தோண்டினால் அறை உடையும். மழைநீர் உள்ளே புகும். எறும்புகளும் புகுந்து கறையானை அழிக்கும். சில அங்குலத் தண்டுக்காக ஒரு தோட்டத்தை இழத்தல் இலாபமாகாது.

காளானின் தண்டை நிலமட்டத்திற் பிடித்து மெல்லத் திருகி எடுக்கலாம். அல்லது கூரிய கத்தியால் அறுக்கலாம். இரண்டும் நன்றே. சுவிற்சர்லாந்து நாட்டின் காடொன்றில் 1975 ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இதனை ஆராய்ந்து, 2006 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பறிப்பதாலோ அறுப்பதாலோ அடுத்த ஆண்டுகளின் விளைவு குறையவில்லை. பறிப்பவர்களின் காலடி நிலத்தை மிதித்த இடங்களிலேயே காளான்கள் குறைவாக வெளிவந்தன. அது அந்நாட்டுக் காட்டுக் காளான்களைப் பற்றிய ஆய்வாயினும், நமக்கும் பயன்படும் பாடம் அதில் உண்டு. புற்றடிக்குப் போகும் வழி ஒன்றாகவே இருக்கட்டும். கூட்டமாகச் சென்று புற்றைச் சுற்றி மிதிக்கவேண்டா. மாடுகளையும் அப்பருவத்தில் அவ்விடத்திற் கட்டவேண்டா.

எவ்வளவு பறிக்கலாம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு புற்றடியிலும் மூன்றில் ஒரு பங்கையேனும் விட்டுவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குடைபோல முற்றாக விரிந்து ஓரம் கிழிந்தவை சந்தைக்கு உதவா. அவையே வித்தியைப் பெருமளவில் உதிர்ப்பவை. எனவே முதிர்ந்தவற்றை விட்டு, நடுத்தரமாக விரிந்தவற்றைப் பறித்தல் விற்பவருக்கும் புற்றுக்கும் ஏற்றதாகும். மொட்டாக நிற்பவற்றையும் பறிக்கக்கூடாது. அவற்றின் இனத்தை உறுதியாக அறியமுடியாது என்பது அதற்கு மேலும் ஒரு காரணம்.

வீட்டு மரத்தையும் தென்னங்கன்றையும் அரிக்கும் கறையானை அடக்கவேண்டியதே. ஆனால் மேட்டுக்காணியின் ஓரத்தில் யாருக்கும் இடைஞ்சலின்றி நிற்கும் புற்றுக்கு நஞ்சூற்றுவதும் தீமூட்டுவதும் வேண்டாத வேலை. நஞ்சூற்றிய புற்றிலோ, களைநாசினியும் கிருமிநாசினியும் தெளித்த வயல் வரம்பிலோ, வாகனங்கள் மிகுந்த தெருவோரத்திலோ முளைத்த காளானை உண்ணவும் கூடாது, விற்கவும் கூடாது. நிலத்திலுள்ள நச்சுப் பொருள்களைக் காளான் தன்னுள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது.

எவ்விடத்திற் பறிக்கலாம்?

சொந்தக் காணியிலும், உரியவர் சம்மதித்த காணியிலும் பறிப்பதே முறை. ஒதுக்கக் காட்டுக்குள்ளும் தேசிய பூங்காவுக்குள்ளும் அனுமதியின்றிப் புகுந்து எதையும் எடுத்தல் சட்டப்படி குற்றமாகும். வடக்கிற் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உள்ளன. எச்சரிக்கைப் பலகை நாட்டிய நிலத்துள், காளான் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தாலும், காலடி வைக்கலாகாது. அதிகாலையிற் புறப்படும்போது யானை நடமாட்டத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பழம்புற்றுக்களிற் பாம்பு குடியிருப்பதுண்டு. ஆகவே கையை நீட்டுமுன் கோலால் இலைச்சருகை விலக்கிப் பாருங்கள். சிறுபிள்ளைகளைத் தனியே அனுப்பவேண்டா.

நஞ்சுக் காளானைப் பற்றி

இப்பேச்சில் மிக முக்கியமான பகுதி இதுவேயாகும். நஞ்சுக் காளானைக் கண்டறிவதற்கென்று ஊரிற் பல சோதனைகள் வழங்குகின்றன. மஞ்சளோ அரிசியோ சேர்த்துச் சமைக்கும்போது நிறம் மாறினால் நஞ்சு என்பர். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு என்பர். உள்ளி கறுத்தால் நஞ்சு என்பர். புழுவோ நத்தையோ தின்றிருந்தால் நல்லது என்பர். இவற்றுள் ஒன்றையேனும் நம்பக்கூடாது. நத்தை தின்று பிழைத்த காளான் மனிதனைக் கொல்லவுங்கூடும். கொதிக்கவைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் கொடிய காளான் நஞ்சு நீங்காது.

ஒரு காளானை அறிவதற்கு வழி, அதன் உறுப்புக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தலே. புற்றுக் காளானின் குடையின் நடுவிற் கூரிய முனைபோன்ற முகடு இருக்கும். குடையின் கீழுள்ள மடிப்புகள் முதலில் வெண்மையாகவும் பின்னர் இளஞ்சிவப்புச் சாயலாகவும் காணப்படும். தண்டு நிலத்துக்குக் கீழே வேர்போல ஒடுங்கி நீளும். அதன் அடியிற் பை இராது.

இனி, அஞ்சவேண்டிய காளான்கள் இரண்டைச் சொல்லுகின்றேன். அமனிற்றா இனத்தைச் சேர்ந்தவற்றுட் சில மிகக் கொடியவை. அவற்றின் அடித்தண்டு பெரும்பாலும் முட்டையோடு போன்ற ஒரு பையினுள் நிற்கும். தண்டின் மேற்பகுதியில் வளையமும், குடையின் கீழே வெண்மடிப்பும் இருப்பதுண்டு. அடித்தண்டை மண்ணுள் விட்டு அறுத்தெடுத்தால் இப்பை கண்ணுக்குப் படாது. ஆதலால் ஒவ்வோர் இடத்திலும் முதற் காளானை மட்டும், மெல்லிய குச்சியால் விரலளவு ஆழத்துக்கு மண்ணை விலக்கி, அடியைப் பார்த்த பின்னரே ஏனையவற்றைத் தொடவேண்டும். பார்த்ததும் மண்ணை மூடிவிடுங்கள். பையைக் கண்டால் அவ்விடத்திலுள்ள யாவற்றையும் விட்டுவிடுங்கள்.

மற்றையது, மழைக்குப் பின் புற்றரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் வட்டமாகப் பூக்கும் பெரிய வெண்காளான். குடையின் மேற் கபிலநிறச் செதில்களும், தண்டில் வளையமும் உடையது. இளமையில் வெண்மையாயிருக்கும் அதன் மடிப்புகள் முதிரும்போது பச்சைச் சாயல் பெறும். விரிந்த குடையொன்றை மடிப்பு கீழ்நோக்க வெள்ளைத்தாளில் வைத்துக் கோப்பையால் இரவு முழுவதும் மூடிவைத்தால், பச்சைத்தூள் படிந்திருக்கக் காணலாம். இதை உண்டவர்களுக்கு 1 முதல் 3 மணி நேரத்துள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். பச்சைத்தூள் காணாத காளான்கள் எல்லாம் நல்லவை என்று இதனாற் கொள்ளவேண்டா. அமனிற்றாவின் தூள் வெண்மையானது.

இந்த அடையாளங்களைச் சொன்னது ஐயம் எழுந்தாற் காளானை வீசுவதற்கேயன்றி, இவற்றை மட்டும் நம்பிப் பறிப்பதற்கன்று. பல ஆண்டு பறித்துப் பழகிய மூத்தவர் ஒருவரோடு அவ்விடத்துக்கே சென்று, கண்ணாற் கண்டு, கையாற் தொட்டுக் கற்றவரே பறிக்கத் தகுந்தவர். அவரும் ஒரே ஓர் இனத்தை நன்கறிந்தாற் போதும்; அந்த ஓரினத்தையே பறிக்கட்டும். வேறு மாவட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், பிறந்த ஊரிற் கண்ட காளானும் இவ்வூரிற் காண்பதும் ஒன்றென்று எண்ணிவிடலாகாது.

உண்டபின் நோய் கண்டால்

காளான் உண்டபின் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் வீட்டு வைத்தியம் செய்துகொண்டு காத்திராதீர்கள். உடனே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையேல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்சு வண்டி வரும். எஞ்சிய காளானையும், சமைத்ததில் மிச்சத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உடன் உண்டவர்கள் நோய் காணாதிருப்பினும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஒன்றை நன்றாக நினைவிற் கொள்ளுங்கள். உடனே வயிற்றைக் கலக்கும் காளானைக் காட்டிலும், தாமதமாக நோய் காட்டும் காளானே கொடியது. அமனிற்றாவின் கொடிய வகைகளை உண்டவருக்கு 6 மணி நேரம் முதல் 24 மணி நேரம்வரை ஒன்றும் தோன்றாதிருக்கலாம். பின்னர் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து, ஒருநாள் அளவிற் குறைந்ததுபோலத் தோன்றும். "சுகமாகிவிட்டது" என்று வீட்டார் எண்ணும் அந்நேரத்திலேயே ஈரல் பழுதடைந்துகொண்டிருக்கும். ஆகவே, குணம் கண்டதுபோலிருந்தாலும் வைத்தியர் விடைகொடுக்குமுன் வீடு திரும்பலாகாது.

விற்கும் முறை

புதுக் காளானில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீராகும். பறித்த பின்னரும் அது மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும், சூடேறும், வியர்க்கும். பொலித்தீன் பையிற் கட்டினால் நண்பகலுக்குள் வழுவழுத்து நாறும். நல்லினக் காளானாயினும் பழுதடைந்தால் நோய் தரும். ஆகவே, பனையோலைக் கடகத்திலோ பிரம்புக் கூடையிலோ வாழையிலை பரப்பி, ஒன்றன்மேலொன்று அமுங்காதபடி அடுக்குங்கள். மண்ணை மெல்லிய தூரிகையாலோ துணியாலோ துடைக்கலாம், நீரிற் கழுவவேண்டா. நிறை கூட்டுவதற்காக நீர் தெளிப்போர் தம் வாடிக்கையாளரைத் தாமே இழப்பர். அதிகாலையிற் பறித்து, நிழலிற் கொண்டுசென்று, முற்பகலிலேயே விற்றுவிடுதல் வேண்டும். விற்காமல் எஞ்சியதை அன்றே வீட்டிற் சமையுங்கள். மறுநாட் சந்தைக்கு அதனைக் கொண்டுபோதல் கூடாது.

காளானை முழுதாகவே விற்கவேண்டும். நறுக்கியதையும் பொடியாக்கியதையும் யாராலும் இனங்காண முடியாது. ஒரே கூடையில் இரண்டு இனத்தைக் கலக்கவும் கூடாது. இரண்டு பேர் பறித்ததைக் கலக்கவும் கூடாது. ஒவ்வொரு நாளும் பறித்தவற்றுள் இரண்டைச் சமைக்காது குளிர்ந்த இடத்தில் இரண்டு நாள்வரை வைத்திருப்பது நல்ல வழக்கம். யாருக்கேனும் ஏதும் நேர்ந்தால், வைத்தியருக்குக் காட்டுவதற்கு அது உதவும். வாங்குவோருக்கு மூன்றைச் சொல்லியே கொடுங்கள்: இது இன்ன புற்றடியில் இன்று காலை பறித்தது, நன்றாக வேகவைத்தே உண்ணவேண்டும், முதன்முறை உண்பவர் சிறிதளவே உண்ணவேண்டும்.

யாருக்கு விற்பது என்பதிலும் கவனம் வேண்டும். உங்கள் முகத்தையும் வீட்டையும் அறிந்த அயலவரும், கிழமைச் சந்தையில் உங்களிடம் வெண்டியும் கத்தரியும் வாங்கும் வாடிக்கையாளருமே சிறந்தவர்கள். மரக்கறியோடு சேர்த்து விற்றால் தனியே சந்தைக்குப் போகும் செலவும் மிச்சமாகும். இடைத்தரகரிடம் மொத்தமாகக் கொடுத்தால், அவர் பத்துப் பேரிடம் வாங்கியதை ஒன்றாகக் குவிப்பார். அக்குவியலில் ஒன்று நஞ்சாயினும், அது யாருடைய கூடையிலிருந்து வந்ததென்று அறிய வழியிராது. பழியோ எல்லார்மீதும் விழும். உணவுக்கடைக்காரர் கிழமைதோறும் இத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டாலும் உடன்படாதீர்கள். மழை பெய்யாத கிழமையிற் புற்றுப் பூக்காது. வாக்கைக் காப்பாற்றுவதற்காக அறியாத காளானைப் பறிக்கவும், விடவேண்டியதையும் வழித்தெடுக்கவும் அந்த உடன்பாடே உங்களைத் தூண்டும்.

கேள்வி மிகுந்தால் அதற்கு வேறு வழி உண்டு. சிப்பிக் காளானை மரத்தூளிலும், வைக்கோற் காளானை வைக்கோலிலும் வீட்டருகே வளர்க்கலாம். நெற்கமக்காரருக்கு வைக்கோல் கைப்பொருளே. வைக்கோற் குவியலிலே தானாக முளைக்கும் காளானும் அடியிற் பையுடையது. ஆதலால் நஞ்சுக் காளானோடு மயங்க இடமுண்டு. அதைப் பொறுக்கி விற்பதிலும், நம்பத்தகுந்த இடத்தில் வாங்கிய காளான் வித்தைக்கொண்டு வளர்த்து விற்பதே பாதுகாப்பானது. இதற்கு வேண்டிய பயிற்சியைப் பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கிழமைதோறும் வேண்டுவோருக்கு வளர்த்த காளானையும், பருவத்தில் மட்டும் புற்றுக் காளானையும் கொடுத்தால், காடும் பிழைக்கும், வாடிக்கையும் நிலைக்கும்.

ஒரு குறிப்புப் புத்தகம்

கடைசியாக, சிறு குறிப்புப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் மழை பெய்தது, எத்தனை நாளின் பின் எந்தப் புற்றிற் பூத்தது, எத்தனை பறித்தீர்கள், எத்தனை விட்டீர்கள் என்பவற்றைக் குறித்து வாருங்கள். மூன்று நான்கு ஆண்டுக் குறிப்புக்களை ஒப்பிட்டால், எந்தப் புற்று வளருகின்றது, எது தளருகின்றது என்பது உங்களுக்கே விளங்கும். தளர்ந்த புற்றுக்கு இரண்டு ஆண்டு ஓய்வு கொடுங்கள். ஒரே பற்றைக் காட்டிற் பலர் பறிப்பதாயின், கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசி, யார் எந்தப் பக்கத்திற் பறிப்பது, எவ்வளவு விடுவது என்பதைப் பருவம் தொடங்குமுன்னரே முடிவு செய்யுங்கள். ஒருவர் விட்டுவந்ததை அடுத்தவர் போய் வழித்தெடுத்தால் விட்டதிற் பயனில்லை.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துச் சொல்லுகின்றேன்.

1. மூத்தவரோடு சென்று கற்ற ஓரினத்தை மட்டும் பறியுங்கள்.
2. ஐயம் எழுந்தால் வீசிவிடுங்கள். ஊர்ச் சோதனைகளை நம்பாதீர்கள்.
3. புற்றைத் தோண்டாதீர்கள், மூன்றில் ஒரு பங்கையும் முதிர்ந்தவற்றையும் விட்டுவிடுங்கள்.
4. நஞ்சு தெளித்த நிலத்திற் பறியாதீர்கள்.
5. முழுதாக, கலப்பின்றி, பறித்த அன்றே, அறிந்தவருக்கு விற்றுவிடுங்கள்.
6. நோய் கண்டால், மிச்சக் காளானோடு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வருகின்ற மழைக்கு முன்னரே உங்கள் ஊரிற் காளான் அறிந்த பெரியோர் யார் என்று கேட்டறிந்து வையுங்கள். அவர்களுட் பலர் முதியோர். அவர்களின் அறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டதன்று. அவர்களோடு நடந்து சென்றே அதனைப் பெறவேண்டும். இப்பருவத்தில் உங்கள் பிள்ளைகளுள் ஒருவரையேனும் அவர்களோடு அனுப்பி வையுங்கள்.